கணக்கைத் திருத்திய மாணவர்

தரவு விஞ்ஞானம் என்னும் துறை இன்று மாணவரிடையே பெரிதும் பேசப்படுகின்றது. மருத்துவமனைப் பதிவேடு, வங்கிக் கணக்கு, மழையளவு, சந்தை விலை என மலைபோற் குவிந்து கிடக்கும் விபரங்களைக் கணினியின் துணைகொண்டு ஆராய்ந்து, அவற்றிற் புதைந்துள்ள உண்மையை வெளிக்கொணர்வதே இத்துறையின் நோக்கமாகும். இதற்கு எந்தக் கருவியைப் பழக வேண்டும், எந்த நூலைக் கற்க வேண்டும் என்று பெற்றோரும் பிள்ளைகளும் நம்மிடம் வினவுகின்றனர். விடை கூறுமுன், அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை நோக்குவோம்.

2010ஆம் ஆண்டிற் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் றோகோவ் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். வளர்ச்சியடைந்த 20 நாடுகளின் கணக்குகளை அவர்கள் ஒப்பிட்டனர். அரசின் கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 சதவீதத்தைக் கடந்த ஆண்டுகளிற் பொருளாதாரம் வளரவில்லை, சராசரியாக 0.1 சதவீதம் வீழ்ந்தது என்பது அவர்கள் கண்ட முடிபு. பல நாடுகள் கடன்சுமையால் வருந்திய காலம் அது. அரசாங்கங்கள் செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என வாதிட்டோர் இக்கட்டுரையைத் தம் வாதத்துக்குத் துணையாகக் கொண்டனர். செலவுக் குறைப்பு என்பது வெறும் ஏட்டுச் செய்தியன்று. ஓய்வூதியமும் மருத்துவமும் வேலைவாய்ப்பும் அதிலே தங்கியுள்ளன.

மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்திற் பட்டப்பின் கல்வி பயின்றவர் தோமஸ் ஹேர்ண்டன். வெளிவந்த ஆய்வொன்றைத் தாமே மீண்டும் செய்து பார்க்கும் பயிற்சி அவருக்கு வகுப்பில் அளிக்கப்பட்டது. அவர் இக்கட்டுரையைத் தெரிந்தெடுத்தார். பலமுறை முயன்றும் அதே விடை கிட்டவில்லை. பிழை மாணவருடையதே என்று ஆசிரியரும் முதலிற் கருதினார். ஈற்றில் ஹேர்ண்டன் அவ்வறிஞர்களுக்கே எழுதிக் கேட்க, அவர்கள் தாம் பயன்படுத்திய எக்செல் விரிதாளை அனுப்பிவைத்தனர். அதனைத் திறந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. சராசரி காணும் சூத்திரம் 30ஆம் நிரை தொடங்கி 49ஆம் நிரை வரை செல்லாமல், 44ஆம் நிரையோடு நின்றுவிட்டது. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் சராசரியிற் சேரவேயில்லை.

அதனினும் பெரிய குறை வேறொன்று. பெருங்கடனோடிருந்த பிரித்தானியாவின் 19 ஆண்டுகளுக்கும், நியூசிலாந்தின் ஒரேயோர் ஆண்டுக்கும் ஒரே நிறை கொடுக்கப்பட்டிருந்தது. அந்த ஓராண்டில் நியூசிலாந்தின் பொருளாதாரம் 7.6 சதவீதம் வீழ்ந்திருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தாலன்றோ அது பொருந்தும்?

ஹேர்ண்டனும் அவருடைய ஆசிரியர்களான மைக்கேல் ஆஷ், றொபேட் பொலின் ஆகியோரும் 2013இல் தம் கணக்கை வெளியிட்டனர். அவர்கள் கண்ட சராசரி 2.2 சதவீத வளர்ச்சியாகும். சூத்திரப் பிழையை அவ்வறிஞர் இருவரும் ஒப்புக்கொண்டனர். எனினும், கடன் மிகுந்தால் வளர்ச்சி மந்தமாகும் என்ற தம் கருத்து நிலைபெறுகிறது என்றனர்.

ஓசையின்றி நேரும் பிழை

இத்தகைய பிழை அருமையானதன்று. 2020இல் இங்கிலாந்தில், கொரோனாத் தொற்று உறுதியான 15,841 பேரின் விபரம் ஒரு வார காலம் கணக்கிற் சேராது போயிற்று. பயன்படுத்தப்பட்ட பழைய வகை எக்செல் கோப்பு 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காது; எஞ்சியவை ஓசையின்றி விடுபட்டன. அந்நோயாளரோடு பழகியவர்களை எச்சரிக்கும் பணி அதனாற் பிந்தியது.

அதே ஆண்டில் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களையே விஞ்ஞானிகள் மாற்ற வேண்டியதாயிற்று. 'மார்ச் 1' என்னும் மரபணுப் பெயரை எழுதினால், எக்செல் அதனைத் திகதி எனக் கொண்டு மாற்றிவிடும். இவ்வாறு தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதி 2023இலேயே கிடைத்தது.

கருவியும் நூலும்

விரிதாளிற் சூத்திரங்கள் கட்டங்களின் பின்னே மறைந்து கிடக்கின்றன. செய்நிரலாக எழுதும்போதோ, ஒவ்வொரு படியும் வரிவரியாகக் கண்முன் நிற்கும். பிறர் வாசித்துச் சரிபார்க்கலாம். இதற்கு உகந்தவை இரண்டு மொழிகள். ஒன்று, நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்டில்மன் ஆகியோர் ஆக்கிய 'ஆர்'. மற்றையது, 1991இல் குய்டோ வான் றொசம் வெளியிட்ட 'பைதன்'. பின்னையது நம் நாட்டு உயர்தர வகுப்புத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் இடம்பெறுகின்றது. இரண்டும் இலவசமானவை. 2014இல் தோன்றிய 'ஜுப்பிற்றர்' குறிப்பேட்டிலே விளக்கமும் செய்நிரலும் விடையும் ஒரே பக்கத்தில் அமையும். செய்முறைக் கொப்பியைப் போன்றது எனலாம்.

தொடக்க மாணவருக்கு, ஹட்லி விக்கம் முதலியோர் எழுதிய 'ஆர் போர் டேட்டா சயன்ஸ்' நன்று. 2023இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. கணிதத்திற் சற்றுத் தேர்ந்தோர் 'ஆன் இன்ட்ரொடக்ஷன் டு ஸ்ரற்றிஸ்டிக்கல் லேர்னிங்' நூலை நாடலாம். பைதனுக்குரிய பதிப்பும் 2023 முதல் உண்டு. இரண்டு நூல்களையும் இணையத்திற் பணமின்றி வாசிக்கலாம்.

கேட்டவுடன் செய்நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் 2022இன் பின் பெருகிவிட்டன. விடை எளிதிற் கிடைக்குந்தோறும், அதனைச் சரிபார்க்கும் கடமை பெருகுமேயன்றிக் குறையாது.

ஆதலின், இத்துறையிற் புகும் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: அச்சில் வந்த அட்டவணை ஒன்றை எடுத்து, அதன் சராசரியை நீங்களே கண்டு பாருங்கள். விடை வேறுபட்டால் அஞ்சி ஒதுக்காதீர்கள். முதலில் உங்கள் கணக்கை மீண்டும் பாருங்கள். பின்னர் அவர்கள் கணக்கைக் கேளுங்கள். ஹேர்ண்டன் செய்தது அவ்வளவே.