ஒன்றரை வயது ஊசியும் காய்ச்சல் வலிப்பும்

பிள்ளை நலம் – 17

“போன மாசம் காய்ச்சல்ல பிள்ளைக்கு ஃபிட்ஸ் வந்துச்சு. இப்ப ஊசி போடலாமா, நர்சம்மா?” சிவகாசி, திருத்தங்கல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், தடுப்பூசி நாளான புதன்கிழமையில், தாய்மார் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது.

தாராளமாகப் போடலாம். காய்ச்சல் வலிப்பு 6 மாதம் முதல் 5 வயது வரை, நூறு குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு வருவது. அதிலும் ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில்தான் அதிகம். அரசு அட்டவணையில் முத்தடுப்பு பூஸ்டரும் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் 16 முதல் 24 மாதத்துக்குள் வருகின்றன. வலிப்பும் ஊசியும் ஒரே பருவத்தில் வருவதால் பழி ஊசியின் மேல் விழுகிறது. ஊசியால் காய்ச்சல் வரலாம்; அந்தச் சூட்டைத் தாங்காத இளம் மூளைதான் வலிப்பைக் காட்டுகிறது. சளிக்காய்ச்சல் வந்தாலும் அதே பிள்ளைக்கு அதே வலிப்பு வரக்கூடும். பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும், மூளையைக் கெடுக்காது.

இந்தப் பயம் பிரிட்டனையும் ஒருமுறை ஆட்டிவைத்தது. 1974-க்குப் பிறகு, முத்தடுப்பில் ஒன்றான கக்குவான் இருமல் ஊசி மூளையைப் பாதிக்கும் என்ற பேச்சு பரவியது. ஊசி போட்ட குழந்தைகள் நூற்றுக்கு முப்பது அளவுக்குக் குறைந்தார்கள். கக்குவான் இருமல் திரும்பி வந்தது. அப்படி ஊசியால் மூளை கெட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 11 பேருக்குப் பிறவியிலேயே மரபணுக் கோளாறு இருந்தது.

ஆகவே தெரிந்துகொள்ள வேண்டியது, காய்ச்சல் எப்போது வரும் என்பதை. முத்தடுப்பு ஊசிக்கு அன்றிரவோ மறுநாளோ வரும். தட்டம்மை ஊசிக்கு 7 முதல் 10 நாள் கழித்து. புதன்கிழமை போட்டால் அடுத்த புதன் முதல் சனி வரை. தட்டம்மையும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசியில் இப்படி வலிப்பு வருவது மூவாயிரம், நாலாயிரம் டோஸுக்கு ஒன்று. முன்பே வலிப்பு வந்த பிள்ளைக்கு வாய்ப்பு சற்றுக் கூடும். ஆனால் தட்டம்மை நோயே வந்தால், ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வருகிறது.

சரம் பின்னும், தீப்பெட்டி ஒட்டும் பெண்களுக்கு வேலைக்குப் போனால்தான் கூலி. ஊசி போட்ட மறுநாளே பிள்ளை பாட்டியின் பொறுப்பு. காய்ச்சல் வரக்கூடிய அந்த நாட்களைப் பாட்டிக்கும் சொல்லிவையுங்கள். காய்ச்சல் கண்டால் எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுக்கலாம். உடம்புவலி தணியும்; ஆனால் அது வலிப்பைத் தடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108.

முந்தைய முத்தடுப்பு ஊசி போட்ட மூன்று நாளுக்குள் வலிப்பு வந்திருந்தாலோ, காய்ச்சலே இல்லாமல் வலிப்பு வந்தாலோ, அடுத்த ஊசிக்கு முன் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். வலிப்பு வந்த தேதியையும் எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிவைத்தால், மருத்துவர் முடிவெடுக்க உதவும்.

(அடுத்த வாரம்: தவணை தப்பிய ஊசிகள்)