வைக்கோல் வந்தால்தான் பால்

நிலமே இல்லாமல் மாடு வளர்க்கும் பெங்களூர்க்காரர்களுக்குப் பாலைவிடப் பெரிய கவலை உலர் தீவனம்

பெங்களூரின் காக்ஸ் டவுனை ஒட்டி இருக்கிறது ஜீவனஹள்ளி. பெயரில்தான் ஹள்ளி. கிராமம் என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருப்பது, சந்துகளில் வீட்டு வாசலோடு கட்டிப்போட்டிருக்கும் சில கறவை மாடுகள். தமிழும் கன்னடமும் கலந்து பேசும் தெருக்களில் விடியற்காலையில் பால் கறக்கும் சத்தம் இன்றும் கேட்கிறது. மாடு இருக்கிறது, ஆனால் மேய்ச்சல் நிலம் கிடையாது. ஒரு பிடி வைக்கோல்கூட வெளியூரிலிருந்து வண்டியேறித்தான் வந்தாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு ஒன்றுக்குத் தண்ணீர்ச் சத்து நீக்கிய கணக்கில் நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ தீவனம் வேண்டும். அதில் 6 கிலோ வைக்கோல் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாடு வைத்திருப்பவருக்கு வருடத்துக்கு ஆறரை டன். கிராமத்து விவசாயி அறுவடை சமயத்தில் போர் போட்டு வைத்து அடுத்த அறுவடைவரை ஓட்டிவிடுவார். பத்தடிச் சந்தில் இருப்பவர் ஆறரை டன்னை எங்கே அடுக்குவார்? கொஞ்சம் கொஞ்சமாக, கிடைக்கும் விலைக்கு வாங்குகிறார். கோடையில் விலை ஏறும்போது அவர் கையில் இருப்பு இருப்பதில்லை. பால் விலையோ அவர் சொல்கிறபடி ஏறுவதில்லை.

இந்தப் பக்கத்துக்குப் புல் புதிய விஷயமல்ல. 1809-இல் பிரிட்டிஷார் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது படையோடு குதிரைகளும் வந்தன. அன்றைய குதிரைப்படைகளில் குதிரையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அதற்குப் புல் அறுத்துவர இன்னோர் ஆள் என்பது வழக்கம். சென்னை மாகாணத்திலிருந்து படையைப் பின்தொடர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இப்படிப்பட்ட வேலைகளில்தான் இங்கே காலூன்றின. பிறகு ராணுவப் பண்ணைகள் வந்தன. 1889-இல் அலகாபாத்தில் தொடங்கிய அந்த அமைப்பு, பாலோடு கூட வருடத்துக்குச் சுமார் 25,000 டன் உலர்புல்லையும் கொடுத்து வந்தது. 2021 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள்.

நகரின் இன்னொரு கோடியில், ஆடுகோடியில், 1923-இல் தொடங்கிய மத்திய கால்நடை, பால்பண்ணைக் கழகம் இருந்தது. 1927-இல் உடல்நலம் தேற பெங்களூரில் தங்கியிருந்த காந்தி அங்கே போய் மாடு பராமரிப்பைப் பாடமாகவே கேட்டுக்கொண்டார். 1955-இல் தலைமையகம் ஹரியானாவின் கர்னாலுக்குப் போனது. இங்கே அதன் தென்மண்டல நிலையம் இருக்கிறது. கால்நடைத் தீவனத்துக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி நிறுவனமும் 1995-இலிருந்து அதே ஆடுகோடியில் இயங்குகிறது. ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லாத ஊர்தான்.

நம் ஊரில் வைக்கோல் என்றால் நெல் வைக்கோல். பெங்களூர் மாட்டுக்காரர்கள் முதலில் தேடுவது கேழ்வரகுத் தாளை. கன்னடத்தில் ராகி ஹுல்லு. இது வெறும் பழக்கதோஷமில்லை. நெல் வைக்கோலில் மணல் சத்தான சிலிக்கா அதிகம். மாட்டின் உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆக்ஸலேட்டும் உண்டு. புரதம் மூன்று, நான்கு சதவீதத்தைத் தாண்டாது. கேழ்வரகுத் தாள் அதைவிட நன்றாகச் செரிக்கும், மாடும் விரும்பித் தின்னும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

உண்மையான உலர்புல் இவை இரண்டுமல்ல. பூக்கும் பருவத்தில், சத்து தண்டிலும் இலையிலும் இருக்கும்போதே அறுத்துக் காயவைப்பதுதான் உலர்புல். தானியம் எடுத்தபின் மிஞ்சுவது வைக்கோல். குதிரைமசால் போன்ற பயறுவகையைக் காயவைத்தால் அருமையான தீவனம். ஆனால் பதம் தப்பக்கூடாது. உச்சி வெயிலில் புரட்டினால் இலையெல்லாம் உதிர்ந்து குச்சிதான் மிஞ்சும். காலை ஈரத்திலேயே புரட்ட வேண்டும். அதிக நாள் வெயிலில் போட்டால் பச்சை நிறத்தோடு வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டினும் போய்விடும். அறுக்கும்போது 75, 80 சதவீதம் இருக்கும் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் போரில் ஏற்றலாம். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும். சில சமயம் யாரும் தீ வைக்காமலே போர் பற்றிக்கொள்ளும். பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு மாட்டோடு நிற்பதில்லை, பாலிலும் இறங்குகிறது. கல்மேடை கட்டி, தரை ஈரம் ஏறாமல், மழைநீர் வழுக்கி ஓடும்படி கூம்பாகப் போர் வைத்த நம் பாட்டன்மார் இதையெல்லாம் பெயர் தெரியாமலே தெரிந்து வைத்திருந்தார்கள்.

வானம் ஒத்துழைத்தால்தானே! 2021 நவம்பரில் கோலார், சிக்கபள்ளாப்பூர், பெங்களூர் புறநகர் மாவட்டங்களில் அறுவடை நேரத்தில் மழை கொட்டியது. வயலில் சாய்ந்த கேழ்வரகோடு தாளும் அழுகியது. 2023-இல் நேர்மாறு. கர்நாடகத்தின் 223 தாலுகாக்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. தீவனம் வெளி மாநிலத்துக்குப் போகக்கூடாது என்று தடையும் வந்தது. கர்நாடக வைக்கோலை நம்பியிருந்த வயநாட்டுப் பால்காரர்கள் தவித்தார்கள். அதே நாட்டின் வடக்கே, பஞ்சாபில், அடுத்த விதைப்புக்கு நேரமில்லையென்று வயலிலேயே வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். இடையில் இருப்பது லாரிக் கூலி. பஞ்சைப் போலக் கனமில்லாமல் இடத்தை அடைக்கும் பொருளை இரண்டாயிரம் கிலோமீட்டர் சுமந்து வந்தால் வைக்கோல் விலையைவிட வாடகைதான் அதிகமாகும். காவிரி டெல்டாவில் இப்போது இயந்திரம் உருளை உருளையாகக் கட்டிக் கொடுப்பதால் லாரியில் கொஞ்சம் கூடுதலாக ஏற்ற முடிகிறது.

வைக்கோல் தட்டினால் என்ன செய்வார்கள்? மார்க்கெட்டில் கழித்த முட்டைக்கோஸ் இலை, ஓட்டல் சோறு, பீர் ஆலையில் மிஞ்சும் பார்லிச் சக்கை. பால் அளவு குறையாது, சில நாள் கூடவும் கூடும். ஆனால் அசைபோட நார் இல்லாத மாட்டின் வயிறு புளித்துப்போகும். பாலில் கொழுப்பு இறங்கும். பசும்பாலில் கொழுப்பு 3.5, மற்ற திடப்பொருள் 8.5 சதவீதம் எதிர்பார்க்கும் சங்கத்தில் அதற்கு மதிப்பு குறைகிறது. சோற்றை அளவுக்கு மீறித் தின்ற மாடு ஒரே இரவில் படுத்துவிடுவதும் உண்டு.

மலிவான வைக்கோலைத் தேற்ற ஒரு வழி இருக்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 40 முதல் 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பாலிதீனால் மூன்று வாரம் மூடிவைக்க வேண்டும். செரிமானம் கூடும், புரத அளவு இரட்டிப்பாகும். எடுத்ததும் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, அம்மோனியா நெடி போனபின் போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு ஆகாது. யூரியாவைத் தண்ணீரில் கரைத்து அப்படியே மாட்டுக்கு வைத்தால் உயிருக்கே ஆபத்து. எளிய முறைதான், பல பத்தாண்டுகளாகச் சொல்லியும் பரவவில்லை. கிராமத்தில் யூரியாவை மாட்டுக்கா என்ற பயம். ஜீவனஹள்ளி மாதிரி இடத்தில் மூன்று வாரம் மூடிவைக்க மூலை கிடையாது.

ஆகவே இங்கே சாமர்த்தியமெல்லாம் வாங்குவதில்தான். அனுபவசாலிகள் கட்டின் வெளிப்புறத்தைப் பார்த்து ஏமாறுவதில்லை. நடுவில் முழங்கைவரை கையை விடுகிறார்கள். வெதுவெதுப்பாக இருந்தாலோ, இழுத்த தாள் கறுத்து முக்கல் வாடை அடித்தாலோ, பேரம் பேசாமல் அடுத்த லாரிக்காகக் காத்திருக்கிறார்கள்.