மீன் உண்ணும் உணவு

கால்நடையாயினும் மீனாயினும், அது உண்ணும் உணவைப் பொறுத்தே அதிலிருந்து நாம் பெறும் உணவின் தரம் அமைகிறது. பசும்புல் மேய்ந்த பசுவின் வெண்ணெய் மஞ்சள் நிறம் பெறுவது, புல்லில் உள்ள கரோட்டின் என்னும் நிறமியால் ஆகும்.

கொல்கத்தாவின் கிழக்கே உள்ள சதுப்புநிலம் இதற்கு மற்றொரு சான்று. ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புடைய இந்நிலம், 2002ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நகரின் கழிவுநீர், கால்வாய்கள் வழியே இங்குள்ள ‘பேரி’ எனப்படும் ஆழமற்ற மீன்குளங்களை அடைகிறது. அங்குப் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அச்சத்தைக் கொண்டு, கதிரவன் ஒளியில் நுண்பாசிகள் செழித்து வளர்கின்றன. நீருக்கு ஆக்சிஜனையும் தருகின்றன. அப்பாசிகளையும் அவற்றை உண்டு வாழும் நுண்ணுயிர்களையும் இரையாகக் கொண்டு ரோகு, கட்லா முதலிய மீன்கள் வளர்கின்றன. ஆதலால், விலைகொடுத்து வாங்கும் தீவனம் மிகுதியாகத் தேவைப்படுவதில்லை. மீனும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

ஆயினும், தோல் பதனிடும் ஆலைக் கழிவில் உள்ள குரோமியம் போன்ற உலோகங்களைப் பாக்டீரியாக்களால் சிதைக்க இயலாது. அவை சேற்றில் தங்கி, இரையின் வழியே மீனின் உடலிலும், பின்னர் அதனை உண்பவர் உடலிலும் சேரக்கூடும். எனவே, ஆலைக் கழிவை வீட்டுக் கழிவுநீருடன் கலவாமல் தனியே தூய்மை செய்தல் வேண்டும். மீனின் தரத்தைக் காப்பது, அது வாழும் நீரைக் காப்பதில் தொடங்குகிறது.