சட்டத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு?

"சட்டம் கூடிப்போச்சு, செலவு தாங்க முடியல" என்று முதலாளிமார் சொல்வதுண்டு. அந்தச் செலவை எப்படி அளப்பது?

நெதர்லாந்தில் இதற்கு ஒரு கணக்கு முறை உண்டாக்கினார்கள். ஒரு படிவம் நிரப்ப எத்தனை மணி நேரம், அந்த நேரத்துக்குச் சம்பளம் எவ்வளவு, வருடத்தில் எத்தனை தடவை, எத்தனை நிறுவனங்கள் என்று கேட்டு எல்லாவற்றையும் பெருக்குவார்கள். 2007க்குள் இந்தச் செலவில் கால்பங்கைக் குறைக்க அந்நாட்டு அரசு இலக்கு வைத்தது.

நம்ம தோட்டத்தையே பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் பட்டியல் போக வேண்டும். கிளாக்கருக்கு 4 மணி நேரம், மணிக்கு 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,200 ரூபா. வருடம் 14,400 ரூபா. இப்படி 100 தோட்டம் என்றால் 14 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலாளி நம் பேரில் கட்டும் 12 வீதம் இந்த எழுத்துவேலைச் செலவில் சேராது. அது நமக்குரிய பணம்.

இன்னொன்று, இந்த முறை செலவை மட்டுமே அளக்கும், பலனை அளக்காது. கையால் எழுதுவதைக் கம்பியூட்டரில் அனுப்பினால் செலவு குறையும், நம்ம காசு குறையாது. அது நல்லதுதான். பட்டியலே வேண்டாம் என்றாலும் செலவு குறையும். ஆனால் வேலையை விட்டு நிற்கும் நாளில் யார் பேரில் எவ்வளவு கட்டியது என்பதற்குச் சாட்சி இருக்காது.

ஆகவே, "செலவைக் குறைக்கிறோம்" என்று யாராவது சொன்னால், "எதைக் குறைக்கிறீங்க?" என்று கேளுங்கள். உங்கள் சேமலாப நிதிக் கணக்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.