கொரியக் கதைக்கு அழுகின்றோம்; நம் வீட்டுக் கதைக்கு?

காஞ்சி மாநகரை அடுத்து, வேகவதி ஆற்றை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் திருப்பருத்திக்குன்றம். சமணக் காஞ்சி என்று பெயர் பெற்ற அவ்வூர்க் கோயிலில், விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ஆம் ஆண்டில் எழுப்பிய சங்கீத மண்டபம் உண்டு. அதன் விதானத்தை அண்ணாந்து நோக்கினால், தீர்த்தங்கரர்களின் வரலாறுகள் வரிசை வரிசையாக, காட்சிக்குக் காட்சி விளக்க எழுத்துகளுடன் தீட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அவர்களுள் ஒருவர் நேமிநாதர். மணக்கோலத்தில் புறப்பட்டவர், திருமண விருந்துக்காகக் கட்டிவைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு மனமிரங்கித் துறவு பூண்டார் என்று சமணர் அவரைப் போற்றுவர். மணம், பிரிவு, மனமாற்றம் ஆகியவற்றைத் தொடர் சித்திரமாகக் காணும் விருப்பம் மனிதனுக்குப் புதிதன்று.

இன்றோ சித்திரம் விதானத்தை விட்டிறங்கி உள்ளங்கைக்கு வந்துவிட்டது. காஞ்சி வட்டாரத்து நெசவாளர் இல்லங்களில் தார் சுற்றும் நேரத்திலும், கல்லூரிப் பேருந்தின் சன்னலோரத்திலும், இரவுச் சமையல் முடிந்த பின்னரும் கைப்பேசித் திரையில் ஓடுவது பெரும்பாலும் சியோல் நகரத்துக் காதல் கதையே. நம் பங்குக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. ஆகவே, இக்கதைகளில் நம் மக்களைக் கவர்வது எது, உறுத்துவது எது என்று ஆராய்வது பயனுடையது.

கொரியா நம் வாயிலுக்கு வந்த கதை

காஞ்சி மாவட்டத்தாருக்குக் கொரியா முற்றிலும் அந்நிய நாடன்று. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் கொரியக் குடும்பங்கள் பல இப்பகுதியிலும் சென்னையிலும் குடியேறின. கதைகள் வந்தது சற்றுப் பின்னர். 2014-ஆம் ஆண்டை ஒட்டிப் புதுயுகம் தொலைக்காட்சி, ‘பாய்ஸ் ஓவர் பிளவர்ஸ்’ முதலிய கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியபோது, பள்ளி மாணவியர் பலர் அவற்றின் முதல் இரசிகைகள் ஆயினர். பின்பு கொரோனா ஊரடங்கில் வீடே உலகமாயிற்று. இந்தியாவில் கொரியத் தொடர்களைக் காண்பது 2019-ஐ விட 2020-இல் 370 விழுக்காட்டிற்கு மேல் உயர்ந்ததாக நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் அறிவித்தது.

நம் தாய்மார்க்கு முதலில் வியப்பூட்டுவது மொழி. கொரியக் குழந்தையும் தந்தையை ‘அப்பா’ என்றே அழைக்கின்றது. தாயை அழைப்பதும் ஏறத்தாழ ‘அம்மா’ என்றே நம் காதில் விழுகின்றது. மொழியியலார் இதனை இனவுறவுக்குச் சான்றாக ஏற்பதில்லை. எனினும் செவிக்கு இனிக்கின்றது. சிரிப்பூட்டுவதும் ஒன்றுண்டு. கொரியப் பெண் தன் அண்ணனையும் ‘ஓப்பா’ என்பாள். தான் விரும்பும் வாலிபனையும் ‘ஓப்பா’ என்பாள்! காதலனை ‘அண்ணா’ என்றழைப்பதை நம்மவரால் எண்ணவும் இயலாது. அதே வேளையில், அத்தை மகனையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கத்தை அறிந்தால் கொரியர் திகைத்துப்போவர். ஒரே குலப்பெயரும் ஒரே பூர்வீகமும் உடைய இருவர், எத்துணைத் தொலைவு உறவினராயினும், மணம் செய்வதை அந்நாட்டுச் சட்டமே நெடுங்காலம் தடுத்திருந்தது. 1997-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென்றது. குலம் பார்க்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

வழக்கமான திருப்பங்கள், மாறுபட்ட கருத்துகள்

இக்கதைகளைத் தொடர்ந்து பார்ப்போர், அவற்றின் திருப்பங்களை விரல்விட்டு எண்ணுவர். சிறுவயதில் ஒருமுறை சந்தித்த இருவர் மீண்டும் சந்திப்பர். முதற்பனி பொழியும்போது அருகருகே நிற்பர். ஒரே குடைக்கீழ் நடப்பர். 2002-இல் வந்த ‘விண்டர் சொனாட்டா’வைப் போல, விபத்தில் ஒருவர் நினைவிழப்பதும் உண்டு. பனியே காணாத காஞ்சியில் அமர்ந்து, முதற்பனிக்காக நம் பிள்ளைகள் ஏங்குவது வேடிக்கையே! ஆயினும், இவற்றைப் பற்றிப் பார்ப்போர் கொள்ளும் கருத்துகள் வேடிக்கையானவை அல்ல.

கைப்பிடித்து இழுக்கும் காட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய தொடர்களில் நாயகன் சினத்துடன் நாயகியின் மணிக்கட்டைப் பற்றித் தரதரவென்று இழுத்துச் செல்வான். அதுவே காதலின் வேகம் என்று காட்டப்பட்டது. ‘பாய்ஸ் ஓவர் பிளவர்ஸ்’ தொடரின் செல்வ நாயகன், சலவைக் கடைக்காரரின் மகளைப் பள்ளியில் முதலில் கொடுமைப்படுத்துகின்றான், பிறகு காதலிக்கின்றான். அன்று பதின்மூன்று வயதில் அதை இரசித்தவர்களே, இன்று வளர்ந்த பெண்களாக, “இதையா அன்பென்று எண்ணினோம்?” என்று கேட்கின்றனர். துன்புறுத்துவது அன்பின் முன்னுரை அன்று. பின்தொடர்வதையும் வற்புறுத்துவதையும் வீரமாகக் காட்டிய நம் தமிழ்த் திரைப்படங்கள் பலவற்றிற்கும் இக்கேள்வி பொருந்தும்.

அடுத்து, இரண்டாம் நாயகன். ஏறத்தாழ ஒவ்வொரு கதையிலும் இருவர் ஒருத்தியை விரும்புவர். நாயகன் முரடன், மற்றவன் மென்மையானவன், பொறுமையுள்ளவன், கேட்காமலே உதவுபவன். இறுதியில் நாயகி முரடனையே தேர்வாள். “நல்லவனை ஏன் விட்டாள்?” என்று பார்ப்போர் வருந்துவது உலகெங்கும் கேட்கும் குறை. வேறு சிலரோ, “நன்மை செய்தான் என்பதற்காகவே ஒருத்தி தன் இதயத்தைக் கடனாகத் திருப்பித் தரவேண்டுமா?” என்று வினவுவர். இவ்விரண்டாம் கருத்தே ஆழ்ந்தது. அன்பு விலையன்று, கூலியுமன்று.

ஒப்பந்தத் திருமணம் மற்றொரு திருப்பம். 2004-இல் வந்த ‘ஃபுல் ஹவுஸ்’ தொடரில், ஓர் உடன்படிக்கைக்காக இருவர் திருமண நாடகம் ஆடுகின்றனர், நாடகம் மெய்யாகிறது. கதையளவில் இது சுவையே. திருச்சபையின் பார்வையிலோ, உள்ளத்தில் திருமணத்தை விலக்கிவிட்டு வாயளவில் தரும் சம்மதம் சம்மதமே ஆகாது.

பெற்றோர் தரப்புக் குறைகளும் உண்டு. நாயகி மது அருந்தி மயங்க, நாயகன் முதுகில் சுமந்து செல்வதை இனிய காட்சியாக்குவது பலருக்கு உறுத்துகின்றது. பளிங்கு போன்ற வெண்ணிறமே அழகு எனும் எண்ணம் நம் கருநிறப் பெண்மக்கள் மனத்தில் என்ன விதைக்கும் என்பதும் எண்ணத்தக்கது. எல்லாத் தொடர்களும் இளையோருக்கு ஏற்றவையுமல்ல. வயது வரம்பைப் பாராமல் சிறுவர் கையில் கொடுத்தல் தவறு.

எதற்காக விரும்புகின்றனர்?

இத்துணைக் குறை கூறியும் ஏன் பார்க்கின்றனர்? செல்வமும் அழகும் காரணமென்று எளிதாகச் சொல்லிவிடலாம். பெண்கள் தரும் விடை வேறு. “அவன் அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கின்றான்” என்பதே அவ்விடை. சாப்பிட்டாயா என்று கேட்பதும், களைத்திருப்பதைக் கண்டுகொள்வதும், தவறு செய்தால் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பதும் இக்கதைகளில் பெரிய நிகழ்ச்சிகள். ‘கிராஷ் லாண்டிங் ஆன் யூ’ (2019-20) தொடரில் தென்கொரியச் செல்வ மகள் எல்லை தாண்டி வடகொரியாவில் விழுகின்றாள். அவளைக் காக்கும் இராணுவ அதிகாரி வீரம் காட்டுவதைவிட, அவளுக்காகப் பொறுமையுடன் சமைப்பதையும் காப்பி தயாரிப்பதையுமே பெண்கள் நினைவில் வைத்துள்ளனர்.

இது நம் ஆண்களுக்கு ஒரு செய்தி. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு, 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ என்னும் திருத்தூது ஊக்க உரையில், இல்லறத்திற்கு இன்றியமையாதவையாகக் கூறியவை மூன்று: அனுமதி கேட்டல், நன்றி கூறல், மன்னிப்புக் கேட்டல். பதினாறு பகுதிக் கதையில் ஒரு பெண் தேடுவதும் ஏறத்தாழ இம்மூன்றையே. வீட்டில் கிடைக்காததைத் திரையில் தேடுகின்றாள் என்றால், திரையைப் பழிப்பதில் பயனென்ன?

பணவுறையும் வரதட்சிணையும்

எல்லாத் திருப்பங்களிலும் புகழ்பெற்றது பணவுறைக் காட்சி. செல்வனின் தாய், ஏழைப் பெண்ணை வரவழைத்து, மேசைமேல் தடித்த உறையொன்றை வைத்து, “என் மகனை விட்டு விலகிவிடு” என்பாள். இதைக் கண்டு கண்ணீர் விடாத தாய்மார் இல்லை. ‘எத்துணைக் கொடியவள்!’ என்று தூற்றுவர்.

அன்புத் தாய்மார்களே, தந்தையர்களே! அக்கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நம் வீட்டைச் சற்று நோக்குவோமா? அவளாவது விலகுவதற்குப் பணம் கொடுக்கின்றாள். நாமோ மருமகளாய் வருவதற்குப் பணம் கேட்கின்றோம்! வரதட்சிணை தடைச் சட்டம் 1961-இல் வந்தது; ஆயினும் ‘உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதை நாங்கள் தடுப்பானேன்?’ என்னும் நயமான சொல்லுக்குள் அவ்வழக்கம் இன்றும் வாழ்கின்றது. கொரியக் கதையில் குறுக்கே நிற்பது பணம். நம் நாட்டில் பணத்தோடு சாதியும் நிற்கின்றது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் இரு குடும்பங்கள், பிள்ளைகளின் திருமணம் என்றதும் இரு வேறு சாதிகளாகப் பிரிந்து நிற்பதை நாம் அறியோமா? திரையில் ஏழைப் பெண்ணுக்காக அழுத அதே தாய், தன் மகன் வேறு சாதிப் பெண்ணை விரும்புவதாகச் சொன்ன அன்று வீட்டுக் கதவை அடைத்தால், அவள் அழுதது யாருக்காக?

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இதில் தெளிவானது. திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதமே. அதனை வேறெந்த மனித ஆற்றலும் ஈடுசெய்ய இயலாது (எண் 1057). வன்முறையாலோ கடும் அச்சுறுத்தலாலோ பெறப்பட்ட சம்மதம் செல்லாது (எண் 1103). கோயிலில் மும்முறை ஓலை வாசித்தும், தனித்தனியே விசாரித்தும் பங்குத்தந்தை உறுதிசெய்ய முனைவது இந்த உரிமையையே. பெற்றோர் அறிவுரை கூறலாம், கூறவும் வேண்டும், கட்டாயப்படுத்தலாகாது.

கொரியத் திருச்சபையின் வரலாறே இங்கு நமக்குப் பாடம். 1784-இல் பீக்கிங் நகரில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய பொதுநிலையினர் ஒருவர் அங்கு விதைத்த விசுவாசம், கொடிய வேதகலாபனைகளைக் கடந்து வளர்ந்தது. 1984-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சியோல் நகரிலேயே 103 வேதசாட்சிகளைப் புனிதராக அறிவித்தார். 2014-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்ட 124 பேருள் ஒருவர் ஹுவாங் இல்-குவாங். விலங்கறுக்கும் தொழில் செய்ததால் சமூகத்தில் மிகவும் இழிவாக நடத்தப்பட்ட இனத்தில் பிறந்தவர். உயர்குடிக் கிறிஸ்தவர்கள் தம்மைச் சகோதரனாக ஏற்று அருகில் அமர்த்தியதைக் கண்டு, தமக்கு விண்ணகம் இரண்டு, ஒன்று இங்கேயே கிடைத்துவிட்டது என்று அவர் மகிழ்ந்ததாக வரலாறு கூறும். அவர் 1802-இல் வேதசாட்சியாக மரித்தார். நம் பங்குகளில் அவ்வாறு சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

திருமணத்திற்குப் பின்

பெரும்பாலான தொடர்கள் திருமணத்தோடு முடிகின்றன. வாழ்க்கையோ அங்கேதான் தொடங்குகின்றது. காதலை இத்துணை இனிமையாகக் காட்டும் கொரிய நாட்டிலேயே, வேலைச் சுமையும் வீட்டு விலையும் கண்டு அஞ்சி இளைஞர் பலர் திருமணத்தைத் தவிர்க்கின்றனர். 2023-இல் அங்கு ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்னும் அளவிற்குப் பிறப்பு குறைந்துவிட்டது. கதை வேறு, வாழ்வு வேறு என்பதை நம் இளையோர் உணரவேண்டும்.

இக்குறையை நீக்கிய ஒரு தொடரையும் சொல்லவேண்டும். 2025-இல் வந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’, ஜெஜு தீவின் ஏழைத் தம்பதியர் இருவரின் வாழ்வை இளமை முதல் முதுமை வரை காட்டுகின்றது. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் வேறு பக்கமும் அமர்ந்து உண்ணும் வீட்டில், இளங்கணவன் ஒருநாள் ஆண்களின் பந்திக்கு முதுகைக் காட்டி, மனைவியின் பக்கம் திரும்பி அமர்ந்து உண்கின்றான். அவ்வளவே காட்சி. பணவுறையும் இல்லை, பனிப்பொழிவும் இல்லை. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் நம் வீட்டுப் பெண்கள் இக்காட்சியில் கலங்கியதில் வியப்பில்லை. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தைத் திருமணப் பூசைகளில் கேட்கின்றோமே, அதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுமோ?

பெற்றோர் செய்யத்தக்கது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏடு, அச்சாதனங்களை இறைவனின் கொடைகளாகவே மதித்து, தெரிந்து தேரும் கடமையைப் பார்ப்போருக்கும், கண்காணிக்கும் கடமையைப் பெற்றோருக்கும் உணர்த்தியது. ஆகவே கைப்பேசியைப் பறிப்பது எளிய வழி. பயனுள்ள வழி அன்று. வாரத்தில் ஒருநாள், செபமாலைக்கும் இரவு உணவுக்கும் பின்னர், மகளோ மகனோ விரும்பும் தொடரின் ஒரு பகுதியை உடனமர்ந்து பாருங்கள். பின்பு கேளுங்கள்: “அவன் செய்தது அன்பா, ஆதிக்கமா? அவள் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்? அந்தத் தாயின் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று நினைக்கின்றாய்?” மூன்றாம் கேள்விக்குப் பிள்ளை தரும் விடையை இடைமறிக்காமல் கேட்க வேண்டும். திருமணம் பற்றிப் பெற்றோரிடம் பேச அஞ்சும் பிள்ளை, கதைமாந்தரைச் சாக்கிட்டுத் தன் மனத்தைத் திறக்கக்கூடும்.

2027 ஆகஸ்டில் உலக இளையோர் மாநாடு சியோல் நகரில் நடைபெறும் என அறிவிக்கப்பட்டுள்ளது. நம் இளையோர் அந்நாட்டின்மீது கொண்ட ஆர்வத்தை அந்நாட்டு வேதசாட்சிகளின்பால் திருப்பவும் இது நல்ல வாய்ப்பு. அதற்கு முன், அடுத்த பணவுறைக் காட்சி வரும்போது, அழுது முடித்தபின் நம் வீட்டில் நடக்கவிருக்கும் திருமணப் பேச்சை ஒருகணம் நினைப்போம். அங்கே மேசைமேல் நாம் வைக்கப்போவது என்ன என்பதை இன்றே குடும்பமாக அமர்ந்து முடிவு செய்வோம்.