பாறசாலைத் தென்னைக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே 36,000 கிலோமீட்டரில் என்ன நிற்கிறது, தெரியுமா?

வானத்திலிருந்து இந்தியா முதன்முதலில் நோய் பார்த்த பயிர் எது, தெரியுமா? நெல்லும் இல்லை, கோதுமையும் இல்லை. தென்னை! அதுவும் கேரளத்துத் தென்னை!

ஆண்டு 1970. இஸ்ரோ பிறந்ததே 1969 ஆகஸ்ட் 15இல்தான். ஆரியபட்டா மேலே போக இன்னும் ஐந்து வருஷம் பாக்கி. கையில் ஒரு செயற்கைக்கோள்கூடக் கிடையாது. அதற்காகக் காத்திருக்கவா முடியும்? ஹெலிகாப்டரில் காமிராவை மாட்டி, அகச்சிவப்புப் பிலிம் போட்டு, காயங்குளம் பக்கத்துத் தோப்புகளுக்கு மேலே பறக்க ஏற்பாடு செய்துவிட்டார் பி.ஆர். பிஷாரடி. பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோட்டுக்காரர், சர் சி.வி. ராமனின் மாணவர். இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று இன்று சொல்கிறோமே, அவரேதான். தேடிப்போன எதிரி, தென்னை வேர்வாடல். மலையாளத்தில் காற்றுவீழ்ச்ச.

படத்தில் நோய் எப்படித் தெரியும்? நலமான பச்சை இலை, சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பை மட்டும் பலமாகத் திருப்பி அடிக்கும். இலைக்குள் ஏதாவது கோளாறு வந்தால் அந்தத் திருப்பி அடிக்கும் பலம் குறையும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு மரம் செழிப்பாகவே தெரியும். பிலிமில் மட்டும் நிறம் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இன்று உலகம் முழுக்கப் பயிர் பார்க்கிற செயற்கைக்கோள்கள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்!

அந்த நோயின் வயதைக் கேட்டால் இன்னும் அசந்துபோவீர்கள். 1882இல், பெருவெள்ளத்துக்குப் பின் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதன்முதலில் பதிவானது. கிருமியின் பெயர் பைட்டோபிளாஸ்மா. அதைச் சுமந்து திரிவது கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும். பூச்சிக்குச் சோதனைச்சாவடி உண்டா? களியக்காவிளை எல்லையை எப்போதோ தாண்டி, கன்னியாகுமரி, தென்காசி, பொள்ளாச்சி வரை போய்விட்டது. தமிழ்நாட்டில் இதற்குப் பெயர் ‘கேரளா வாடல் நோய்’. எல்லைக்கு அந்தப்புறத்தின் மேல் பழியைப் போட எவ்வளவு வசதியான பெயர் பாருங்கள்!

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை உங்கள் நிலத்தைப் படம் எடுக்கின்றன. அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், தெரியுமா? 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து! அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். 1988இல் மேலே போன நம் முதல் ஐ.ஆர்.எஸ். செயற்கைக்கோளின் ஒரு காமிராவில் ஒரு புள்ளியே ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர்! எங்கிருந்து எங்கே வந்துவிட்டோம்!

ஆனால் அந்த இரண்டரை சென்டைக் கேரளத்தின் தென் எல்லையிலுள்ள நெய்யாற்றின்கரையில் கொண்டுவந்து வையுங்கள். கேரளத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.18 ஹெக்டேர். சுமார் 45 சென்ட். ஆக மொத்தமே 18 புள்ளி! தென்னையை ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு புள்ளிக்குள் இரண்டு மரம்கூட முழுதாக அடங்காது. அதோடு முடிந்ததா? தென்னைக்குக் கீழே ஏத்தன் வாழை, வாழைக்கு இடையே மரச்சீனி (மரவள்ளி), தென்னை மேலேயே நல்லமிளகுக் கொடி, ஓரத்தில் சேனை, வேலியோரம் பலா. இத்தனையும் சேர்ந்து செயற்கைக்கோளுக்கு ஒரே ஒரு பச்சை எண்ணாகப் போய்ச் சேரும். அதில் வாடுவது வாழையா, மரச்சீனியா என்று அதற்கு எப்படித் தெரியும்?

துல்லியப் பண்ணையம் என்றதும் விளம்பரங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர், நடுவே ஆளில்லா டிராக்டர் என்று காட்டுவார்கள். நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்து எல்லையூரான பாறசாலையில் அந்த டிராக்டரைத் திருப்பவே இடம் போதாது.

தமிழ்நாட்டில் இது எடுபட்ட இடம் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும். 2004-05இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொடங்கி, மூன்று ஆண்டில் 400 ஹெக்டேருக்குக் கொண்டுபோனது. சொட்டுநீர், அதன் வழியே உரம், குழித்தட்டு நாற்று. அது வறண்ட, திறந்த பூமி. அதே முறையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து இந்த எல்லையோர விளைகளில் வைக்க முடியாது.

இன்னொரு தடை, மேகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இரண்டையும் வாங்கிக்கொள்கிற மண் இது. எந்த மாதங்களில் பயிரைப் பார்க்க வேண்டுமோ அந்த மாதங்களில் படத்தில் வெள்ளைத் திட்டுதான் தெரியும்!

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்களே, தெரியுமா? ராடார்! மேகத்தைத் துளைத்துக்கொண்டு போகும், நள்ளிரவிலும் பார்க்கும். 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. விரித்தால் 12 மீட்டர் அகலமுள்ள ஆன்டெனா. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வரும். அதன் ஒரு ராடார் அனுப்புவது 24 சென்டிமீட்டர் நீள அலை. இலை தழைகளை ஓரளவு ஊடுருவி மண்ணின் ஈரத்தையும் தொட்டுப் பார்க்கும். அதை ஏற்றிப்போன ராக்கெட்டின் திரவ எரிபொருள் நிலைகளுக்குப் பொறுப்பான மையம் எங்கே இருக்கிறது? வலியமலையில்! நெய்யாற்றின்கரையிலிருந்து காட்டாக்கடை தாண்டி நெடுமங்காட்டுப் பக்கம் போனால் வந்துவிடும். என்ஜின்களைச் சோதிப்பது மகேந்திரகிரியில், இந்தப் பக்கம் திருநெல்வேலி மாவட்டம். எல்லைக்கு இருபுறமும் இருக்கிற ஊர்கள் கைகோத்து ஏவிய ராக்கெட் என்றே சொல்லலாம்!

(ஒரு எச்சரிக்கை: நிசாரின் மண் ஈர அளவு நூறு, இருநூறு மீட்டர் சதுரத்துக்கு ஓர் எண்ணாகத்தான் வரும். அது ஒருவர் விளையைப் பற்றிய செய்தி இல்லை, ஒரு கரையை, அதாவது ஊரின் ஒரு பகுதியைப் பற்றிய செய்தி. அடர்ந்த தோப்புக்குக் கீழே அந்த எண்ணும் தடுமாறும்.)

ஆனால் கரையைப் பற்றிய செய்திக்கு இங்கே தனி மதிப்பு. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் ஒரு காலத்தில் எல்லை தாண்டி விளவங்கோடு வயல்களுக்கும் பாய்ந்தது. 2004இல் அந்தத் தண்ணீர் நின்றது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ராடாருக்குக் கேரளமும் தெரியாது, தமிழ்நாடும் தெரியாது. ஈரம் எங்கே நின்றது என்பது மட்டும் தெரியும்.

நம் போனில் ஜி.பி.எஸ். புள்ளி சில நேரம் பக்கத்து வீட்டுக் கிணற்றில் போய் நிற்கிறதே, ஏன் தெரியுமா? தென்னையோலை மறைப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். 1963இல் ராக்கெட் ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்தது எதற்காக? பூமியின் காந்த நடுக்கோடு அதற்கு வெகு அருகே போகிறது என்பதற்காக! அதே காந்த நடுக்கோட்டை ஒட்டித்தான் அயனி மண்டலம் அதிகமாகக் கொந்தளிக்கும். சூரியன் சாய்ந்த பிறகு அங்கே மின்துகள் குமிழிகள் கிளம்பும். செயற்கைக்கோள் சமிக்ஞை அதன் வழியே வரும்போது சிமிட்டும், அளவு பிசகும். விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் ககன் என்ற திருத்தும் அமைப்பை உருவாக்கியபோது, இந்த நிலநடுக்கோட்டு வானத்துக்கென்றே தனிக் கணக்கு போட வேண்டியிருந்தது. விஞ்ஞானிகளைத் தும்பாவுக்கு இழுத்துவந்த அதே வானம்தான் நம் நில அளவைக்குத் தலைவலி!

அப்படியும் நிலத்தைச் சென்டிமீட்டர் பிசகாமல் அளக்கிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தமிழ்நாட்டுக்கு வந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சரியாக அதே நவம்பர் 1இல், 2022இல், கேரளம் டிஜிட்டல் மறு அளவையைத் தொடங்கியது. மாநிலம் முழுவதும் 28 நிலையான நிலையங்கள். தங்கள் இடம் எது என்று துல்லியமாகத் தெரிந்த அவை, செயற்கைக்கோள் சொல்வதில் எவ்வளவு பிழை என்று நொடிக்கு நொடி திருத்தம் அனுப்பும். கோல் பிடித்துக்கொண்டு விளையில் நிற்கிற சர்வேயரின் கருவி அதைக் கழித்துக்கொள்ளும். வேலித் தகராறுக்கு விண்வெளியிலிருந்து சாட்சி!

அடுத்தது, வானத்து இணையத்துக்கான டிஷ். டெல்லியில் டிஷ் ஆன்டெனா வானத்தில் பாதி உயரத்தைச் சற்றுத் தாண்டிப் பார்க்கும். லண்டனில் புவிநிலைச் செயற்கைக்கோள் எதுவும் அடிவானத்திலிருந்து 30 டிகிரிச் சொச்சத்துக்கு மேலே ஏறவே ஏறாது. பாறசாலையில்? 75 டிகிரிக்கும் மேலே! கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேல்! அந்தச் செயற்கைக்கோள்கள் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே; அதிலிருந்து எட்டேகால் டிகிரிதானே வடக்கே இருக்கிறோம். அதனால் தோப்பு நடுவே நாலு மட்டை விலகின இடைவெளி போதும், 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிற ஜிசாட் செயற்கைக்கோளோடு பேசிவிடலாம். 2024 நவம்பரில் ஏவிய ஜிசாட்-என்2 ஒன்றுக்கே நொடிக்கு 48 ஜிகாபிட் கொள்ளளவு.

ஸ்டார்லிங்க் வேறு மாதிரி. 2025 ஜூனில் அதற்கு இந்திய உரிமம் கிடைத்தது. சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே செயற்கைக்கோள்கள் ஓடிக்கொண்டே இருக்கும்; அவற்றைத் துரத்திப் பிடிக்க டிஷ்ஷுக்குக் குடை விரித்தாற்போல் அகன்ற வானம் வேண்டும். தென்னந்தோப்பில் அதற்கு எங்கே போவது? மொட்டைமாடிதான் கதி. ஒரு லாபம், பதில் உடனே வரும். உயரத்து ஜிசாட் வழியாகக் கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. ஒளியே அவ்வளவு தூரம் ஓட வேண்டுமே!

ஆனால் கொட்டுகிற மழை இரண்டையுமே மங்கடிக்கும். என்னைக் கேட்டால் இந்த ஊர்களுக்கு இணையம் வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. டவர் இருக்கிறது, 2023 ஜூன் 5 முதல் கேரள அரசின் கே-ஃபோன் கண்ணாடி இழையும் வருகிறது. 2004 அக்டோபரில் இஸ்ரோவும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் திருவையாறு, தங்கச்சிமடம், செம்பட்டியில் செயற்கைக்கோள் வழிக் கிராம வள மையம் திறந்தபோது நிலைமை வேறு. அன்று ஊரிலிருந்தபடியே நிபுணரின் முகம் பார்த்துக் கேள்வி கேட்பதே பெரிய அதிசயம்.

இப்போது மரச்சீனிக்கு வருவோம். திருவிதாங்கூரில் இதைப் பரப்பியவர் ஒரு மகாராஜா, தெரியுமா? 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள். இன்று அதே மரச்சீனி உள்ளிட்ட கிழங்குகளுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. தொடங்கியது 1963இல், தும்பாவில் முதல் ராக்கெட் கிளம்பிய அதே வருஷம், அங்கிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில்! அங்கே வி.எஸ். சந்தோஷ் மித்ராவின் குழு உருவாக்கியதுதான் இ-கிராப். விளையில் ஒரு கம்பம், மேலே சூரியத் தகடு, உணர்கருவிகள். வெயில், மழை, ஈரம் எல்லாவற்றையும் அளந்து அனுப்பும். கம்ப்யூட்டருக்குள் அதே மரச்சீனி கணக்காக வளரும்! வயலில் வளர்வதும் கணக்கில் வளர்வதும் பக்கம் பக்கமாக. இன்றைக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று விவசாயியின் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். 18 புள்ளி நிலத்துக்கு இதுதான் பொருத்தம் என்று தோன்றுகிறது: மேலிருந்து இலையைப் பார்த்து ஊகிப்பதைவிட, பக்கத்திலேயே நின்று வானிலையை அளப்பது.

அந்த எஸ்எம்எஸ்ஸிலும் ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழிலும் மலையாளத்திலும் 70 மட்டுமே! அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். வேளாண் விஞ்ஞானி திருக்குறளைவிடச் சுருக்கமாகப் பேசியாக வேண்டும்.

கடைசியாக, வானத்துத் தகவலுக்காக இங்கே நிஜமாகவே காத்திருக்கிறவர் யார் தெரியுமா? ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். வெட்டுப்பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு இறங்காது, பட்டையில் பரவி வழிந்து வீணாகும். வெட்டி முடித்தபின் மழை வந்தாலோ சிரட்டை நிறைய வெள்ளைத் தண்ணீர்தான். அவருக்கு வேண்டியது படமே இல்லை. நாளைக்கு மழையா, இல்லையா? அவ்வளவுதான். ஆளில்லாத தானியங்கி வானிலை நிலையங்கள் தங்கள் கணக்கை இன்சாட் வழியே மேலே அனுப்பும். இன்சாட்-3டிஎஸ், 2024 பிப்ரவரியில் போனது, மேலிருந்தே மேகத்தையும் பார்க்கும். இவையெல்லாம் வானிலைத் துறையில் சேர்ந்து முன்னறிவிப்பாகி, வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வேளாண் அறிக்கையாக வரும். பாறசாலைக்கு மலையாளத்தில், வெள்ளாயணி வேளாண் கல்லூரியிலிருந்து. சில கிலோமீட்டர் தள்ளி, அதே மழை நனைக்கிற களியக்காவிளைக்குத் தமிழில், பேச்சிப்பாறையிலிருந்து! வீடு இந்தப் பக்கம், விளை அந்தப் பக்கம் என்று இருக்கிறவர் எதைக் கேட்பார்? இரண்டையுமே கேட்கலாம். இரண்டும் இலவசம், மேகதூத் செயலியிலும் கிடைக்கும்.