பஞ்சகவ்யா, மீன் அமிலம் தயாரிப்பு: வெல்லத்துக்குப் பதில் எதைச் சேர்க்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம், மீன் அமிலம் என எதைத் தயாரிக்கப் போனாலும் கைக்காசு போட்டு வாங்க வேண்டியது வெல்லம். சாணமும் கோமியமும் தொழுவத்தில் கிடைத்துவிடும். வெல்லம் விலை ஏறும்போதெல்லாம், 'வெள்ளைச் சர்க்கரை போட்டால் என்ன, கருப்பட்டி போட்டால் சத்து கூடுமா, பாதி அளவு போதாதா' என்ற கேள்விகள் எழுகின்றன. பஞ்சகவ்யாவில் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். அதே மாற்றத்தை மீன் அமிலத்தில் செய்தால் கலவை முழுவதும் அழுகிப் போகும். காரணம் தெரிந்துவிட்டால் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பது உங்களுக்கே புரியும்.

இனிப்பு பயிருக்கு அல்ல

நாம் சேர்க்கும் வெல்லம் பயிருக்கான உரம் அல்ல. கலவையில் இருக்கும் ஈஸ்ட், லாக்டிக் அமில பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களுக்கான தீனி. அவை இனிப்பைத் தின்று, ஒரு பகுதியைக் கரியமில வாயுவாகவும் சாராயச் சத்தாகவும், இன்னொரு பகுதியைப் புளிப்பு அமிலமாகவும் மாற்றுகின்றன. பதநீர் கள்ளாகி, கள் புளித்துக் காடியாவதும் இதே வழியில்தான். கலவை பக்குவப்படும்போது இனிப்பில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். மிஞ்சுவது இனிப்போடு வந்த மற்ற பொருட்கள் மட்டுமே.

கனடாவிலும் அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியிலும் மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறு எடுக்கிறார்கள். நம் பதநீர் போல இனிப்பு கிடையாது. சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும். அவ்வளவு விலையுள்ள பாகை வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் சிலர் ஊற்றிப் பார்க்கிறார்கள். ஆனால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்ததும் மேப்பிள் மணமும் பெரும்பாலும் போய்விடுகிறது. அதனால், நிறம் அடர்ந்த பாகாகப் பார்த்து, முதல் நொதித்தல் அடங்கிய பிறகு ஊற்றுவது அவர்கள் வழக்கம். விலை கூடிய இனிப்பைப் போட்டால் விளைவும் கூடும் என்ற எண்ணம் அங்கேயும் பலிக்கவில்லை. ஆகவே பஞ்சகவ்யாவுக்குத் தேன் வாங்கிச் செலவழிக்க வேண்டாம்.

எந்த வெல்லம்?

வெள்ளைச் சர்க்கரையில் ஏறக்குறைய முழுவதும் சர்க்கரைதான். நொதிக்கும், ஆனால் வேறெதுவும் மிஞ்சாது. நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் இரும்பு, பொட்டாசியம், மெக்னீசியம் போன்ற தாதுக்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவை நுண்ணுயிர் பெருகவும் உதவும். எனவே வெல்லமே நல்லது. பளிச்சென்ற மஞ்சள் நிற வெல்லத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நிறத்துக்காகச் சில ஆலைகளில் 'ஹைட்ராஸ்' எனும் சோடியம் ஹைட்ரோசல்பைட் போடுகிறார்கள். அதிலிருந்து வெல்லத்தில் தங்கும் கந்தகம் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. கறுத்த, சந்தையில் விலை குறைந்த, வீட்டுக்கு வாங்கத் தயங்கும் வெல்லம் இதற்குப் போதும். மழையில் கசிந்து பிசுபிசுத்த வெல்லத்தையும் வீணாக்காமல் போட்டுவிடலாம்.

கருப்பட்டி மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் அதன் விலைக்கு, வீட்டில் காபிக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அளவு மாற்றுவது எப்படி?

வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பஞ்சகவ்யா முறையில் 7 கிலோ சாணம், 1 கிலோ நெய், 10 லிட்டர் கோமியம், 10 லிட்டர் தண்ணீர், 3 லிட்டர் பால், 2 லிட்டர் தயிர், 3 லிட்டர் இளநீர், 12 பூவன் பழம் ஆகியவற்றோடு 3 கிலோ வெல்லம் சேர்கிறது. கரும்புச்சாறு ஊற்றும் முறையில் 3 லிட்டர் சாறு கிடைக்காவிட்டால், 500 கிராம் வெல்லத்தை 3 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். மாற்றுக் கணக்கு இதிலேயே இருக்கிறது. 1 கிலோ வெல்லத்துக்குச் சுமார் 6 லிட்டர் கரும்புச்சாறு சமம். கரும்பு வெட்டும் காலத்தில் சாறு ஊற்றும்போது அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பதநீர் ஊற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. நொதிக்காமல் இருக்கத்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம். அந்தச் சுண்ணாம்போடு ஊற்றினால் கலவை தாமதமாகும். பதநீரைத் தெளியவைத்து, அடிவண்டலை விட்டுவிட்டு மேல்தெளிவை மட்டும் சேர்க்க வேண்டும்.

சில செய்முறைகளில் 2 லிட்டர் கள் கேட்பார்கள். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால் அதைத் தேடி அலைய வேண்டாம். 2 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் ஈஸ்ட் தூளும் 100 கிராம் வெல்லமும் கரைத்து, அரை மணி நேரம் கழித்து ஊற்றினால் போதும். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும்.

வெல்லம் கூடினால் வீரியம் கூடும் என்பதும் தவறு. தின்னப்படாமல் மிஞ்சும் இனிப்பு தெளிப்பானின் முனையை அடைக்கும். இலையில் படிந்தால் எறும்பு வரும், கரும்பூஞ்சணம் படரும்.

மீன் அமிலத்தில் கை வைக்காதீர்கள்

மீன் கழிவும் வெல்லமும் எடைக்கு எடை, கிலோவுக்குக் கிலோ. இங்கே வெல்லம் தீனி மட்டுமல்ல. கருவாட்டுக்கு உப்பு செய்யும் வேலையை இது செய்கிறது. மீனிலிருந்து நீரை வெளியே இழுத்து, அழுகவைக்கும் பாக்டீரியாவை அடக்கி வைக்கிறது. செலவைக் குறைக்க அரைக் கிலோ போட்டால் அந்தக் காவல் போய்விடும். கரும்புச்சாறோ பதநீரோ தண்ணீர் அதிகம் உள்ளவை என்பதால் இதற்கு உதவாது. வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரைதான். அவசரத்துக்கு வெள்ளைச் சர்க்கரைகூடப் பரவாயில்லை. தண்ணீர் ஒரு சொட்டும் விடக் கூடாது. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் தேன் நிறத்தில், பழ வாசனையோடு இருக்க வேண்டும். பிண நாற்றம் அடித்தால் அதைத் தெளிக்காமல், ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். சரியாக வந்ததை வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி வரை கலந்து தெளிக்கலாம்.

மூடியை இறுக்காதீர்கள்

1 கிலோ சர்க்கரை முழுவதும் சாராயமாக நொதித்தால் சுமார் அரைக் கிலோ கரியமில வாயு வெளியேறும். அது 250 லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். இறுக மூடிய கேன் உப்பி வெடிப்பது இதனால்தான்; கண்ணாடி பாட்டில் என்றால் ஆளுக்கே ஆபத்து. பஞ்சகவ்யாவை வாய் அகன்ற மண்பானையிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ, ஈ புகாதபடி கொசுவலை கட்டி, நிழலில் வையுங்கள். உலோகப் பாத்திரம் வேண்டாம். மீன் அமிலத்துக்கு மூடி தேவை. ஆனால், வாளியில் மூன்றில் ஒரு பங்கை வெற்றிடமாக விட்டு, முதல் பத்து நாள் தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை விட்டு மூடுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வைக்க வேண்டாம்.